பதவி போன பிறகு கட்சிக்குள் என்ன நடக்கிறது?

மதுரைப் பக்கம் ஒரு கட்சியைப் பற்றி "உள்ளே ஒரே சண்டையாம்ல" என்று யாராவது சொன்னால், அந்தக் கட்சியின் கதை முடிந்தது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். சண்டை இருந்தால் பலவீனம், ஒற்றுமை இருந்தால் பலம் என்பது நம் ஊரில் யாரும் சந்தேகப்படாத கணக்கு. ஆனால் தமிழ்நாட்டின் நூறு வருஷ அரசியலைப் புரட்டிப் பார்த்தால் கணக்கு அப்படி வரவில்லை. உள்ளே நன்றாகச் சண்டை போட்டுக்கொண்ட சில கட்சிகள் ஆட்சியைப் பிடித்திருக்கின்றன, சத்தமே வெளியே வராத சில கட்சிகள் ஒரே தேர்தலில் சரிந்திருக்கின்றன, அதே சமயம் காலம் பூராவும் சண்டை போட்டு ஒன்றுக்கும் உதவாமல் போன கட்சியும் இருக்கிறது. அப்படியானால் எந்தச் சண்டை நல்லது, எது வீண்? ஓட்டுரிமை இப்போதுதான் வந்தவர்கள், அரசியல் செய்தியைப் படித்தால் பாதி புரியாமல் விட்டுவிடுகிறவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கட்சிக்காரர்களுக்கு இதெல்லாம் பழைய கதை, அவர்கள் தாண்டிப் போகலாம்.

முதலில் ஒரு வட்டச் செயலாளரை, அதாவது வார்டில் கட்சியைக் கவனித்துக்கொள்பவரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். செல்லூரிலோ ஜெய்ஹிந்துபுரத்திலோ அனுப்பானடியிலோ, எந்தக் கட்சியிலும் இருக்கக்கூடிய ஆள். அவருடைய கட்சி ஆட்சியில் இருக்கும்போது காலை ஏழு மணிக்கே வாசலில் ஆள் நிற்கும். முதியோர் உதவித்தொகை, தெருவுக்குக் குடிநீர்க் குழாய், மகனுக்குக் கல்லூரியில் இடம், மைத்துனருக்கு இடமாற்றம் என்று ஆளுக்கொரு மனு. "அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்ணே." அவர் வீட்டுக் காதுகுத்துக்கு மண்டபம் நிறையும், மொய் நோட்டு இரண்டாவது நோட்டுக்குப் போகும், தெரு முனையிலிருந்து மண்டபம் வரை ஃப்ளெக்ஸ் நிற்கும். கட்சி தோற்ற மறுமாதம் அதே வாசலில் நாய் படுத்திருக்கும். அடுத்த விசேஷத்துக்கு மொய் எவ்வளவு வந்தது என்று பார்த்தால், அந்த வார்டில் கட்சியின் நிலவரத்தை எந்தக் கருத்துக்கணிப்பையும்விடச் சரியாகச் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

இவர் ஆட்சிக் காலத்தில் மாவட்டக் கூட்டத்தில் எழுந்து "நம்ம அமைச்சர் செய்யறது சரியில்ல" என்று சொல்வாரா? மாட்டார். கொள்கை இல்லாத ஆள் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. சொன்னால் போவது ஒன்றிரண்டு இல்லை. மாநகராட்சி சீட்டு போகும், தம்பிக்கு வரவேண்டிய சாலைக் காண்ட்ராக்ட் போகும், நாளைக் காலை வாசலில் நிற்கப்போகிற ஆட்களும் போய்விடுவார்கள். ஆட்சியில் இருக்கும் கட்சியில் மறுத்துப் பேசுவதற்கு விலை அதிகம். தோற்ற கட்சியில் அந்த விலை சடாரென்று இறங்கிவிடுகிறது. பறிப்பதற்குத் தலைமையிடம் ஒன்றும் இல்லையென்றால் பயப்படவும் ஒன்றும் இல்லை, அதனால் அதே ஆள் அதே கூட்டத்தில் எழுந்து அரை மணி நேரம் பேசுவார். பதவி இல்லாத காலத்தில் கட்சிகள் திடீரென்று விவாதம் செய்ய ஆரம்பிப்பதற்கு முக்கியமான காரணம் இவ்வளவுதான். ஞானோதயம் எல்லாம் அப்புறம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பதவி போனதும் மறுத்துப் பேசுவது மலிவாகிறது, கட்சியிலேயே தொடர்ந்து இருப்பதோ செலவு பிடிக்கும் விஷயமாகிறது. வழக்கு வரும், வருமானம் இருக்காது, ஆளுங்கட்சிக்காரன் கேலி செய்வான். ஆதாயத்துக்காக வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். மிஞ்சுவது இரண்டு வகை: கொள்கைப் பிடிப்புள்ளவர்கள், போக வேறு இடம் இல்லாதவர்கள். இந்த மிச்சக் கூட்டம் கட்சியைக் கூர்மையாக்கவும் செய்யலாம், ஊரோடு ஒட்டாத ஒரு சங்கமாகச் சுருக்கவும் செய்யலாம். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் இதை ஒரு சூத்திரமாகவே எழுதினார்: ஓர் அமைப்பில் அதிருப்தி வந்தவனுக்கு வெளியேறுவது, உள்ளே இருந்து குரல் எழுப்புவது என்று இரண்டே வழிதான், எவ்வளவு நாள் குரல் எழுப்பிவிட்டு வெளியேறுவான் என்பதை அவனுடைய விசுவாசம் தீர்மானிக்கிறது. அவர் கம்பெனிகளையும் சேர்த்துத்தான் பேசினார், ஆனால் நம் கட்சிகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்துகிறது.

சரி, சண்டை என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே, அது மூன்று விதம். யாருக்குப் பதவி என்பது ஒன்று, கோஷ்டிப் பூசல் என்று பேப்பரில் வருவது. எதற்காகக் கட்சி நடத்துகிறோம் என்கிற கொள்கைச் சண்டை இன்னொன்று. எப்படிப் போவது, தேர்தலில் நிற்பதா, யாரோடு கூட்டணி, போராட்டமா பேச்சுவார்த்தையா என்கிற வழிமுறைச் சண்டை மூன்றாவது. நிஜத்தில் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும், கோஷ்டிப் பூசல்காரர் யாரும் "எனக்குச் சீட் வேண்டும்" என்று மேடையில் சொல்வதில்லை, கொள்கைக்கு ஆபத்து என்றுதான் சொல்வார். ஆனால் இயக்கத்தை உருமாற்றுவது பெரும்பாலும் அந்த மூன்றாவது ரகம்.

தோற்றவர் வெளியே போகாத ஒரு சண்டை

சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்த சம்பவத்துக்குப் பிறகு 1922 பிப்ரவரியில் காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தினார், அடுத்த மாதமே கைதானார். அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது அரை ஆடைக்கு மாறியிருந்தார். இயக்கம் நின்றுவிட்டது, தலைவர் சிறையில், இப்போது என்ன செய்வது? சட்டசபைகளுக்குப் போட்டியிட்டு உள்ளே போய் முட்டுக்கட்டை போடலாம் என்றார்கள் சித்தரஞ்சன் தாசும் மோதிலால் நேருவும். அந்தப் பக்கமே போகக்கூடாது, கதர், தீண்டாமை ஒழிப்பு என்று ஊர்வேலை பார்க்க வேண்டும் என்றார்கள் ராஜாஜி முதலானவர்கள். 1922 டிசம்பரில் கயா மாநாட்டில் மோதினார்கள். மாநாட்டுத் தலைவரே தாஸ்தான், தலைவரின் யோசனையே தோற்றது. அவர் தலைமைப் பதவியை விட்டுவிட்டு சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கினார். ஆனால் காங்கிரஸுக்கு உள்ளேயே. அடுத்த வருஷம் டெல்லி சிறப்பு மாநாட்டில் சட்டசபைக்குப் போகிறவர்கள் போகலாம் என்று அனுமதியும் கிடைத்தது.

இதனால் காங்கிரஸுக்கு இரண்டு கைகள் முளைத்தன என்று சொல்லலாம். சட்டசபைக்குப் போன கூட்டம் விதிகளையும் பட்ஜெட்டையும் கற்றுக்கொண்டது. போகாத கூட்டம் ஊருக்குள் வேலை செய்தது. மதுரையில் அந்த ஊர்வேலை எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள். 1939 ஜூலை 8ஆம் தேதி காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த சிலரையும் நாடார் சமூகத்தவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அப்போது மாகாணத்தில் ராஜாஜி ஆட்சி. உள்ளே போனவர்கள் மீதும் அனுமதித்த அதிகாரிகள் மீதும் வழக்கு பாயாமல் காக்க அந்த ஆட்சி அதே வருஷம் சட்டம் கொண்டுவந்தது. ஊருக்குள் நின்ற ஆளும் இருந்தார், சட்டம் போடுகிற நாற்காலியும் கையில் இருந்தது. 1922இல் ஏதாவது ஒரு கோஷ்டி மற்றதை முழுதாகத் துரத்தியிருந்தால் இரண்டில் ஒன்றுதான் இருந்திருக்கும்.

எல்லாத் தோல்வியும் இப்படி முடியாது. நீதிக்கட்சி 1920இல் ஆட்சிக்கு வந்து, இடையில் ஒரு நாலு வருஷம் விட்டு, 1937 வரை சென்னை மாகாணத்தை ஆண்டது. ஜமீன்தார்களும் பட்டக்காரர்களும் நிறைந்த தலைமை. 1937 தேர்தலில் காங்கிரஸ் 215 இடங்களில் 159ஐ எடுத்தது, நீதிக்கட்சித் தலைவர் பொப்பிலி ராஜா தன் சொந்த ஊரிலேயே வி.வி. கிரியிடம் தோற்றார். பதினேழு வருஷமாகக் கட்சிக்குள் பேசாமல் வைத்திருந்ததை எல்லாம் ஏழு வருஷத்தில் பேசித் தீர்த்தார்கள். 1938இல் சிறையில் இருந்த பெரியாரைத் தலைவராக்கினார்கள். 1944 சேலம் மாநாட்டில் கட்சியின் பெயரே திராவிடர் கழகம் என்று மாறியது, தேர்தல் அரசியல் வேண்டாம் என்றானது, பட்டம் பதவிகளைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் வந்தது. கட்சி பிழைத்தது என்று சொல்வதா, அந்தக் கட்சி செத்து வேறொன்று பிறந்தது என்று சொல்வதா, எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

இதை ஏற்காதவர்களில் நம் பக்கத்து ஆள் ஒருவர் உண்டு. உத்தமபாளையத்து பி.டி. ராஜன், 1936இல் சில மாதம் மாகாணத்தின் முதல்வராக இருந்தவர். பழைய பெயரையும் பழைய கொடியையும் விடமாட்டேன் என்று நீதிக்கட்சியைத் தனியாக நடத்தினார். 1952 தேர்தலில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது ஒரே இடம், கம்பத்தில் நின்ற அவருடையது. அப்புறம் கட்சி கரைந்துவிட்டது. ஆனால் அவர் மகன் பழனிவேல்ராஜன் 1996இல் திமுக ஆட்சியில் சபாநாயகர் ஆனார், பேரன் 2021இல் மதுரை மத்தி தொகுதியில் ஜெயித்து நிதியமைச்சர் ஆனார். கட்சி மறைந்தாலும் குடும்பம் சரியான பஸ்ஸைப் பிடித்துவிட்டது என்று கிண்டலாகச் சொல்லலாம், கொஞ்சம் மரியாதையாகவும் சொல்லலாம்.

பதினெட்டு வருஷம் வெளியே

தமிழ்நாட்டில் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் உதாரணம்தான் எடுக்கலாம் என்றால், 1949இலிருந்து 1967 வரையிலான திமுகவை எடுப்பேன். அந்தக் கட்சி பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு.

பிறந்ததே சண்டையில்தான். 1947 ஆகஸ்ட் 15 துக்க நாள் என்றார் பெரியார், இல்லை அது மகிழ வேண்டிய நாள் என்று வெளிப்படையாக மறுத்து எழுதினார் அண்ணா. இரண்டு வருஷம் உள்ளே புகைந்துகொண்டே இருந்தது, பெரியார் மணியம்மையைத் திருமணம் செய்துகொண்டதையொட்டி 1949 செப்டம்பரில் தனிக்கட்சி. பிரிந்து போனவர்கள் பொதுவாகத் தாய்க்கட்சியைத் திட்டியே காலத்தை ஓட்டுவார்கள். இவர்கள் தலைவர் நாற்காலியைக் காலியாக வைத்தார்கள், அது பெரியாருக்கு என்றார்கள், அண்ணா பொதுச்செயலாளராகவே இருந்தார். இதை நாடகம் என்று சிரித்தவர்கள் அப்போதே உண்டு. இருக்கலாம். ஆனால் அதனால் ஒரு நன்மை வந்தது: கட்சிக்கு ஒரே முதலாளி என்ற எண்ணம் முதல் இருபது வருஷத்தில் வேர்பிடிக்கவில்லை. 1956இல் நெடுஞ்செழியன் பொதுச்செயலாளர் ஆனார், தலைவரைவிட இளையவர்கள் மேடையில் சமமாகப் பேசினார்கள்.

1952 தேர்தலில் திமுக நிற்கவே இல்லை. நிற்கலாமா வேண்டாமா என்ற கேள்வி கட்சிக்குள் வருஷக்கணக்கில் ஓடியது. தேர்தலில் நின்றால் கொள்கை நீர்த்துப்போகும் என்பது ஒரு தரப்பு, நிற்காவிட்டால் இப்படியே பொதுக்கூட்டம் போட்டுக்கொண்டு கிழவர்களாகிவிடுவோம் என்பது எதிர்த்தரப்பு. எப்படித் தீர்த்தார்கள்? 1956 மே மாதம் திருச்சி மாநில மாநாட்டில் வந்திருந்தவர்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். நிற்க வேண்டும் என்று 56,942 பேர், வேண்டாம் என்று 4,203 பேர். இந்த எண்ணில் நான் பார்ப்பது அந்த ஐம்பத்தாறாயிரத்தை இல்லை. நாலாயிரத்துச் சொச்சம் பேர் "வேண்டாம்" என்று போட முடிந்தது, அது எண்ணப்பட்டது, வெளியே சொல்லவும்பட்டது. இன்று எந்தக் கட்சியின் பொதுக்குழுவிலாவது, பெரிய கட்சிகளைத்தான் சொல்கிறேன், ஒரு தீர்மானத்துக்கு எதிராக இத்தனை பேர் என்று அறிவித்துப் பார்த்திருக்கிறீர்களா? "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்பதைத் தவிர வேறு வாக்கியம் நம் காதில் விழுவதில்லை.

அப்புறம் நடந்தது எல்லோரும் அறிந்த ஏறுமுகம்: 1957இல் 15 இடம், 1962இல் 50, 1967இல் 137. ஆனால் ஏறுமுகம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் நடுவில் பட்ட அடிகள் தெரியாது. 1961இல் ஈ.வெ.கி. சம்பத் வெளியேறி தமிழ் தேசியக் கட்சி ஆரம்பித்தார், திராவிட நாடு என்பது நடக்காத காரியம் என்பது அவருடைய முக்கியமான வாதம். 1962இல் கட்சி ஐம்பது இடம் ஜெயித்தபோது அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். அந்த அக்டோபரில் சீனப் போர், அடுத்த வருஷம் பிரிவினை பேசுகிறவர்கள் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம். திமுக திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. சம்பத் சொன்னது இரண்டு வருஷம் கழித்து அவர் இல்லாமலேயே கட்சியின் நிலைப்பாடானது. உள்ளே தோற்ற வாதம் தானாகச் சாவதில்லை, காலம் மாறியதும் எழுந்து நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். சம்பத்துக்கு மட்டும் அதனால் பயன் இல்லை, அவர் கட்சி 1964இல் காங்கிரஸில் கலந்துவிட்டது.

பதவி இல்லாத அந்தப் பதினெட்டு வருஷத்தில் கட்சி தரையில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கொடுப்பதற்குக் காண்ட்ராக்ட் கிடையாது, ரேஷன் கடை கிடையாது. கொடுக்க முடிந்தது பேச்சும் படிப்பும் மட்டும். தெருவுக்குத் தெரு படிப்பகம், ஒரு கீற்றுக்கொட்டகை அல்லது திண்ணை, ஒரு பெஞ்சு, கட்சிப் பத்திரிகைகள். சலூனிலும் டீக்கடையிலும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள், படித்து முடித்ததும் அங்கேயே வாக்குவாதம் நடக்கும். கட்சிக்கு வேலைக்காரர்கள் அப்படித்தான் உருவானார்கள். 1965 ஜனவரி 25ஆம் தேதி மதுரையில் இந்தி எதிர்ப்பு மாணவர் ஊர்வலத்தில் காங்கிரஸ் அலுவலகம் அருகே மோதல் வெடித்து, தீ மாநிலம் முழுக்கப் பரவியதே, அந்த மாணவர்களில் எல்லோரும் திமுக உறுப்பினர்கள் இல்லை. ஆனால் அவர்கள் பேசிய மொழி அந்தப் படிப்பகங்களில் பதினைந்து வருஷமாகப் பழகிய மொழி.

சரி, ஆட்சிக்கு வந்த பிறகு? 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சி நிர்வாகிகளின் சொத்துக் கணக்கைக் கேட்டார், சில நாட்களில் வெளியேற்றப்பட்டார். கேட்டது சரியா, உள்நோக்கம் என்ன என்று இன்றுவரை இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. 1956இல் வாக்கெடுப்பு நடத்திய அதே கட்சி 1972இல் கேள்விக்கு நீக்கம் என்று பதில் சொன்னது, நடுவில் வந்தது ஐந்து வருஷ ஆட்சி. விளைவு ஏழே மாதத்தில் தெரிந்தது. அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த திண்டுக்கல்லில் 1973 மே மாதம் நாடாளுமன்ற இடைத்தேர்தல் வந்தது. எம்.ஜி.ஆர். தொடங்கிய புதுக்கட்சியான அதிமுகவின் மாயத்தேவர் இரட்டை இலையில் ஜெயித்தார், ஆளுங்கட்சி மூன்றாவது இடத்துக்குப் போனது.

வெளியே இருந்தும் திருந்தாத கட்சி

பதவி மந்தப்படுத்தும் என்பது காமராஜருக்கும் தெரிந்திருந்தது. 1963இல் மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்கு வரவேண்டும் என்று சொல்லி, தானே முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். யோசனையில் குறை சொல்ல முடியாது. ஆனால் மேலே சிலர் நாற்காலியிலிருந்து இறங்கினார்களே தவிர, கீழே வாசலில் மனுவோடு நிற்பவர்களும் அவர்களுக்குப் பின்னால் இருக்கும் வட்டாரப் பெரிய மனிதர்களும் அப்படியே இருந்தார்கள். 1967இல் விருதுநகரில் அவரே 1,285 ஓட்டில் திமுகவின் பெ. சீனிவாசனிடம் தோற்றார், மந்திரியாகப் பத்து வருஷம் இருந்த கக்கனும் தோற்றார்.

அன்று போன ஆட்சி காங்கிரஸுக்குத் திரும்பவே இல்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் வெளியே இருந்த கட்சி, நான் மேலே சொன்ன கணக்குப்படி எவ்வளவு கூர்மையாகியிருக்க வேண்டும்! சண்டைக்கும் பஞ்சம் இல்லை, சென்னையில் கட்சி அலுவலகமான சத்தியமூர்த்தி பவனில் வேட்டி கிழிந்த செய்தியைப் படிக்காத தலைமுறை தமிழ்நாட்டில் கிடையாது. அப்படியும் ஏன் மாறவில்லை? தமிழ்நாட்டுத் தலைவர் யார், கூட்டணி யாரோடு, எத்தனை சீட் என்பதெல்லாம் டெல்லியில் முடிவாகிறது. சென்னையில் எவ்வளவு வாதாடினாலும் தீர்ப்பு எழுதுகிற இடம் வேறு. அப்போது அந்தச் சண்டை டெல்லியின் காதுக்காகப் போடும் சத்தமாகத்தான் இருக்கும், யார் வாதம் சரி என்பதைவிட யாருக்கு அங்கே செல்வாக்கு என்பதே பேச்சாகும். முடிவெடுக்கும் அதிகாரம் விவாதம் நடக்கும் அறையிலேயே இருந்தால்தான் விவாதம் கட்சியை மாற்றும். இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

விவாதமே இல்லாமலும் ஒரு கட்சி தன்னைத் திருத்திக்கொள்ள முடியுமா? முடியும், வேகமாகவே முடியும். எம்.ஜி.ஆர். ஆட்சி 1979இல் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் வருமான வரம்பு கொண்டுவந்தது. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் அதிமுகவுக்குக் கிடைத்தது இரண்டே இடம். உடனே வரம்பு ரத்து, ஒதுக்கீடு 31 சதவீதத்திலிருந்து 50 ஆனது. அடுத்த சில மாதத்தில், ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு வந்த சட்டமன்றத் தேர்தலில், மதுரை மேற்கில் நின்று ஜெயித்து மறுபடி முதல்வரானார். பொதுக்குழு, வாதம், வாக்கெடுப்பு எதுவும் தேவைப்படவில்லை, ஒரே ஆள் தோல்வியைப் படித்து ஒரே ஆள் முடிவெடுத்தார்.

பாக்கி 1987 டிசம்பரில் வந்தது. அவர் இறந்ததும், கருத்து வேறுபாட்டைத் தீர்க்கிற பழக்கமே இல்லாத கட்சி இரண்டாக உடைந்தது. இரட்டை இலை முடக்கப்பட்டு, 1989 ஜனவரி தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும் எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகியின் அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. ஜானகி ஆண்டிபட்டியில் தோற்றார், பதின்மூன்று வருஷமாக வெளியே இருந்த திமுக ஆட்சிக்கு வந்தது. அப்புறம் அணிகள் இணைந்து இலை திரும்பக் கிடைத்து, மார்ச் மாதம் மதுரை கிழக்கிலும் மருங்காபுரியிலும் நடந்த தேர்தல்களில் இரண்டிலும் ஜெயித்தார்கள். யார் பெரியவர் என்ற கேள்விக்குப் பொதுக்குழுவிடம் இருந்த பதிலைவிட மதுரை கிழக்கு வாக்காளரிடம் இருந்த பதில் தெளிவாக இருந்தது. 2021 தோல்விக்குப் பிறகு இரட்டைத் தலைமையா ஒற்றைத் தலைமையா என்று அதே கட்சியில் கேள்வி எழுந்தபோதும், 2022 ஜூலை பொதுக்குழுவில் ஓ. பன்னீர்செல்வம் நீக்கப்பட்டு விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் ஓய்ந்தது.

விவாதத்துக்கென்றே விதி வைத்திருப்பவர்கள்

கம்யூனிஸ்டுகளை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடித்தால் மதுரைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களுடைய அகில இந்திய மாநாடு இந்த ஊரில் மூன்று தடவை நடந்திருக்கிறது: பிளவுக்கு முன் 1953 கடைசியில் தொடங்கி 1954 ஆரம்பத்தில் முடிந்த மாநாடு, மார்க்சிஸ்ட் கட்சியின் 1972 மாநாடு, பிறகு 2025 ஏப்ரலில் தமுக்கம் மைதானத்தில் நடந்தது. ஜனநாயக மத்தியத்துவம் என்பது அவர்கள் விதி. முடிவெடுக்கும் வரை யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம், எடுத்த பிறகு எல்லோரும் கட்டுப்பட வேண்டும். மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்னால் நகல் தீர்மானம் வெளியாகும், கிளைகளும் தனி உறுப்பினர்களும் திருத்தம் அனுப்பலாம்.

பதவி இல்லாத காலம் இவர்களை எப்படி மாற்றியது என்பதற்கு மதுரையே சாட்சி. 1948 கல்கத்தா மாநாட்டில் ஆயுதப் புரட்சிப் பாதையை எடுத்தார்கள், தடை, தலைமறைவு, சிறை என்று மூன்று வருஷம். 1951இல் உள்ளுக்குள் விவாதித்துத் தேர்தல் பாதைக்குத் திரும்பினார்கள். அடுத்த வருஷமே பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடி மதுரை வடக்கில் ஜெயித்தார். விதி இருப்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 1964இல் தேசியக் குழுவிலிருந்து 32 பேர் வெளிநடப்பு செய்து, மார்க்சிஸ்ட் கட்சியாகப் பிரிந்தார்கள், அதில் ராமமூர்த்தியும் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த சங்கரய்யாவும் உண்டு. அண்ணன் தம்பிகளாக இருந்த தொழிற்சங்கங்கள்கூடப் பிற்பாடு இரண்டாயின. ஆனால் 1996இல் வேறு விதமாக நடந்தது. ஜோதிபாசு பிரதமராகலாம் என்று கூட்டணிக் கட்சிகள் கேட்டபோது மத்தியக் குழு வாக்கெடுப்பில் வேண்டாம் என்றது. அது வரலாற்றுத் தவறு என்று பாசு பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார், ஆனாலும் கட்சியிலேயே இருந்தார், 2000 வரை வங்க முதல்வராகவும் இருந்தார். பிரதமர் பதவியையே மறுக்கும் அளவுக்கு ஒரு விவாத அறைக்குப் பலம் இருந்தது ஆச்சரியம், அந்தப் பலத்தை வைத்து எடுத்த முடிவு சரியா என்பது வேறு விஷயம். எனக்கு அதில் பாசு பக்கம்தான் சாய்வு. உள்ளே நன்றாக வாதாடுகிற கட்சிக்கு ஓட்டு விழும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது என்பதற்கும் இவர்களே உதாரணம்.

கடைசியாகச் சட்டம். தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்யும் எந்தக் கட்சியும் தன் விதிமுறைகளைக் கொடுத்திருக்கும், அதில் உட்கட்சித் தேர்தல் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருக்கும். ஆனால் விதியை மீறியது என்பதற்காக ஒரு கட்சியின் பதிவை ரத்து செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டமோ சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கொறடாவின், அதாவது எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்கிறவரின், உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகும் என்கிறது. காசுக்கு ஆள் மாறுவதைத் தடுக்க வந்த சட்டம், கூடவே மனசாட்சிப்படி ஓட்டுப் போடுவதையும் அடைத்துவிட்டது. ஆக, ஓர் எம்.எல்.ஏ. தன் கட்சியோடு முரண்படுவதற்கு மிச்சமிருக்கும் ஒரே இடம் கட்சிக் கூட்டம், அந்தக் கூட்டத்துக்கோ கேமரா இல்லை, குறிப்பேடு வெளியே வராது.

வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு ஆதாரம் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். பொதுக்குழு நடந்த மறுநாள் பேப்பரில் தீர்மானங்களைப் படியுங்கள், தலைவருக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானங்களைக் கழித்துவிட்டு மிச்சம் எத்தனை என்று எண்ணுங்கள். முந்தைய பொதுக்குழுவில் எதிர்த்துப் பேசியதாகச் செய்தி வந்தவர் இப்போது எந்தப் பொறுப்பில் இருக்கிறார் என்று பாருங்கள், மேடையில் இருக்கிறாரா, கீழே முன்வரிசையிலா, வேறு கட்சியிலா. 2025 மதுரை மாநாட்டில் மார்க்சிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுவுக்குத் தலைமை தந்த பட்டியலை எதிர்த்து மகாராஷ்டிரத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் போட்டியிட்டார், ஓட்டெடுப்பு நடந்தது, அவர் தோற்றார், மாநாடு அடுத்த வேலைக்குப் போனது. உங்கள் வார்டில் கிளைச் செயலாளர் தேர்தல் கடைசியாக எப்போது நடந்தது, இரண்டு பேர் நின்றார்களா, தோற்றவர் அடுத்த கூட்டத்துக்கு வந்தாரா என்று எந்தக் கட்சிக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "போட்டியெல்லாம் இல்லப்பா, பேசி முடிச்சாச்சு" என்பார். யார் யாரோடு, எங்கே வைத்துப் பேசி முடித்தார்கள் என்பது நீங்கள் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி.